தாமிரத்துள் ஒரு கரைகோடு

மலர்க் குழுவினர் என்னை அணுகியபோது, கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுக் கல்விப் பணியைப் பற்றி எழுதுமாறு கேட்பார்கள் என்றே எண்ணியிருந்தேன். அதனை எழுத என்னினும் தக்கவர் பலர் இம்மலரிலேயே உள்ளனர். அவர்கள் என்னிடம் விரும்பியது அறிவியல் வரலாறு ஒன்று. எதனை எழுதுவது என்று தயங்கிய வேளையில், கோடை விடுமுறை மாலை வகுப்பில் மாணவி ஒருவர் கேட்ட இரு கேள்விகள் நினைவுக்கு வந்தன. "ஐயா, மின்சாரம் போகும் கம்பி ஏன் சுடுகிறது? சுடாத கம்பி உலகத்தில் உண்டா?" என்பது முதற் கேள்வி. உண்டு என்று சொல்லி, மீக்கடத்திகளைப் பற்றி எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். அவர் விடவில்லை. "கம்பிக்கு உள்ளே எலக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று யார் பார்த்தார்கள்? எப்படிப் பார்த்தார்கள்?" என்றார். மலையடிவாரத்திலிருந்து மூன்று கல் நடந்து வகுப்புக்கு வருபவர் அவர். அன்று அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கு முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

மின்சாரம் நமக்கு அயலான பொருள் அன்று. பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டத்தோடு மட்டுமே சேர்த்து எண்ணும் பழக்கம் நம்மிடையே உண்டு. 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். மின்சாரமும் அத்துறையின் பொறுப்பிலேயே இருந்தது. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவின் கூட்டத்தில் தலைமையுரை ஆற்றியவர் அவரே. மலிவான, தட்டுப்பாடற்ற மின்சாரமின்றித் தொழில் வளராது, தொழில் வளராமல் நிலமற்ற ஏழையின் வறுமை தீராது என்பது அவர் கொண்ட கருத்து. நம் தெருக்களுக்கு விளக்குக் கம்பம் வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்பதை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். ஆகவே, கம்பியில் ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாய் வீணாகிறது என்பது நமக்கு வெறும் பாடநூல் செய்தி ஆகாது.

வீணாவதற்குக் காரணம் மின்தடை. தாமிரக் கம்பியில் எலக்ட்ரான்கள் ஓடும்போது அதிரும் அணுக்களோடும் அழுக்குகளோடும் மோதுகின்றன. மோதலில் இழந்த ஆற்றல் சூடாக வெளிப்படுகிறது. 1911ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னசு என்பார் பாதரசத்தை 4.2 கெல்வின் அளவுக்கு, அதாவது சுழிக்குக் கீழே ஏறத்தாழ 269 செல்சியசு பாகைக்குக் குளிர்வித்தபோது, அதன் மின்தடை திடீரென்று மறைந்து போயிற்று. அவ்வளவு கடுங்குளிரை உண்டாக்கும் திரவ ஹீலியத்தை 1908இல் முதன்முதல் ஆக்கியவரும் அவரே. இந்நிலைக்கு மீக்கடத்தல் என்று பெயர். ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு நிறைவான விடை காண 46 ஆண்டுகள் ஆயின. 1957இல் பார்டீன், கூப்பர், சுரீபர் ஆகிய மூவர், எலக்ட்ரான்கள் இணை இணையாகச் சேர்ந்து தடையின்றிச் செல்வதைக் கணக்கால் காட்டினர். அந்தக் கொள்கையின்படி, கடுங்குளிரைத் தாண்டி 30 கெல்வின் அளவுக்கு மேல் மீக்கடத்தல் நிகழ்வது அரிது என்றே பலரும் நம்பினர்.

இனி அம்மாணவியின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். எலக்ட்ரானைக் கண்ணால் காண இயலாது; நுண்ணோக்கியாலும் அது உலோகத்துக்குள் ஓடுவதைக் காண இயலாது. ஆயினும் அதன் ஓட்டத்தின் வரைபடத்தைத் தீட்ட ஒரு வழி உண்டு. அதனைப் புரிந்துகொள்ளக் கல்வராயன் அடிவாரத்திலுள்ள கோமுகி அணைக்குச் செல்வோம். மழை பெய்து அணையில் நீர் ஏறுகிறது. நீர் தாழ்ந்த இடங்களை முதலில் நிரப்பிப் படிப்படியாக உயர்கிறது. எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அந்த மட்டத்தில் ஒரு கரைகோடு அமைகிறது. மலையின் மடிப்புக்கு ஏற்ப அக்கோடு வளைந்தும் நெளிந்தும் செல்லும். நீரின் அடியாழத்தில் காற்று வீசினாலும் ஒன்றும் நடவாது, அலையடிப்பதெல்லாம் மேற்பரப்பில்தான். உலோகத்திலும் அவ்வாறே. எலக்ட்ரான்கள் குறைந்த ஆற்றல் நிலைகளை முதலில் நிரப்பி, ஒரு மட்டம் வரை ஏறி நிற்கின்றன. அந்த மட்டத்தின் கரைகோட்டை இயற்பியலார் ஃபெர்மிப் பரப்பு என்பர். மின்சாரம் கடத்துவதும், வெப்பம் கடத்துவதும், மீக்கடத்தியாக மாறுவதும் கரையோரத்து எலக்ட்ரான்களின் செயல்களே. கரையின் வடிவம் தெரிந்தால் உலோகத்தின் குணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இங்கு நான் சொல்லும் நிலப்பரப்பு உலோகத் துண்டின் நீள அகலத்தைக் குறிப்பதன்று. எலக்ட்ரான் எத்திசையில் எவ்வளவு உந்தத்தோடு செல்கிறது என்பதைக் குறிக்கும் வரைபடம் அது.

இக்கரையை அளக்கும் கருவி காந்தப்புலமாகும். வலிய காந்தப்புலத்தில் வைத்த உலோகத்தில் எலக்ட்ரான் நேராகச் செல்லாமல் வட்டமிடும். கரையோரமாகவே சுற்றிவந்து புறப்பட்ட இடத்தைச் சேரும். குவாண்டம் விதி இங்கே குறுக்கிடுகிறது: விரும்பிய அளவிலெல்லாம் வட்டமிட அதற்கு உரிமை இல்லை, குறிப்பிட்ட சில வளையங்களே அனுமதிக்கப்பட்டவை. காந்தப்புலத்தை ஏற்ற ஏற்ற அவ்வளையங்கள் விரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கரையைக் கடந்து வெளியேறுகின்றன. ஒவ்வொரு வளையம் கடக்கும்போதும் உலோகத்தின் காந்தத்தன்மையும் மின்தடையும் ஒருமுறை ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கமே குவாண்டம் அலைவு எனப்படுகிறது. அலைவின் எண்ணிக்கையிலிருந்து கரைக்குள் அடங்கிய பரப்பைக் கணக்கிடலாம். ஏரிக்குள் இறங்காமல், அதன் கரையைச் சுற்றி நடப்பவன் எடுக்கும் அளவைக் கொண்டே ஏரியின் பரப்பைச் சொல்வது போன்றது இது.

1930ஆம் ஆண்டு இதன் பிறப்பாண்டு. அவ்வாண்டில் லைடன் நகரில் டி ஹாசு, வான் ஆல்பன் என்னும் இருவர் பிசுமத்துப் படிகத்தின் காந்தத்தன்மை ஏறி இறங்குவதைக் கண்டனர். அதே ஆய்வகத்தில் சுப்னிகாவ் என்னும் உருசியரும் டி ஹாசும் பிசுமத்தின் மின்தடையில் அதே அலைவைக் கண்டனர். அதே ஆண்டில் லாண்டாவ் என்னும் இளைஞர் கணக்கால் இதனை முன்னறிந்து, காந்தப்புலம் வேண்டிய அளவு சீராக அமையாதாகையால் சோதனையில் இதனைக் காண முடியாது என்றும் எழுதிவிட்டார்! அறிவிற் சிறந்தோரும் தவறுவர் என்பதற்கு இதனைவிட விரைவாகக் கிடைத்த சான்று அரிது. இவர்களுள் சுப்னிகாவின் முடிவு துயரமானது. தாய்நாடு திரும்பிய அவர், வலிய காந்தப்புலத்தைத் தாங்கும் இரண்டாம் வகை மீக்கடத்திகளை ஆராய்ந்து வந்த காலத்தில், 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் பொய்க் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வரலாற்றில் தமிழர் ஒருவருக்கும் இடம் உண்டு. அதனை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. ஆகவே சற்று விரித்தே எழுதுகிறேன். இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். இராமன் விளைவு ஆய்வில் சர் சி. வி. இராமனுக்குத் துணைநின்றவர் என்ற அளவிலேயே அவரை அறிந்தவர்கள் உண்டு. அவருடைய தனிச்சிறப்பு படிகங்களின் காந்த ஆராய்ச்சியில் விளங்கியது. டாக்காவிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் பணியாற்றிய காலத்தில், பெரும் பொறிகள் வாங்கப் பணமில்லாத ஆய்வகத்தில், மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டார். காந்தப்புலத்தில் வைத்தால் படிகம் சற்றே திரும்பும், இழை முறுக்கேறும். அம்முறுக்கின் அளவைக் கொண்டு, படிகம் எத்திசையில் எவ்வளவு காந்தத்தன்மை உடையது என்பதைத் துல்லியமாகக் கண்டார். முறை எளிது, செலவு குறைவு. நுட்பமோ மிகப் பெரிது.

முப்பதுகளின் பிற்பகுதியில் கிருஷ்ணன் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சில் தம் ஆய்வு முறையை விளக்கினார். அதனைக் கேட்டவர்களுள் ஷோன்பெர்க் என்னும் இளம் ஆய்வாளர் ஒருவர். பிசுமத்தின் அலைவுகளை எளிதாக அளக்க வழி தேடிக்கொண்டிருந்த அவருக்கு, இழையில் தொங்கும் படிகமே தக்க கருவி என்பது புலனாயிற்று. 1937இல் மாஸ்கோ சென்று, கபித்சாவின் ஆய்வுக் கழகத்தில் அம்முறையிலேயே அளந்தார். அளவுகளைப் பொருள்கொள்ளத் தேவையான சூத்திரத்தை, காணவே முடியாது என்று முன்னர் எழுதிய அதே லாண்டாவ் தந்தார். தந்த சிறிது காலத்தில், 1938 ஏப்ரலில், அவரும் சிறைப்பட்டார். ஓராண்டு கழித்தே விடுதலையானார். ஷோன்பெர்க்கின் முடிவுகள் 1939இல் வெளிவந்தன. அதன்பின் அவர் இத்துறையில் நெடுங்காலம் உழைத்து, கேம்பிரிட்சை இதன் தலைநகராக்கினார். டாக்காவிலும் கல்கத்தாவிலும் ஒரு தமிழர் கையாண்ட குவார்ட்சு இழை, உலோகங்களின் உட்பட வரைவியலுக்கு இவ்வாறு உதவிற்று. கருவியில்லை என்பதற்காகக் கைகட்டி நிற்பவர்களிடம் இதனை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

1952இல் ஆன்சாகர் என்பார், அலைவின் எண்ணுக்கும் கரைக்குள் அடங்கிய பரப்புக்கும் உள்ள தொடர்பு எந்த வடிவத்துக்கும் பொருந்தும் என்று நிறுவினார். 1957இல் பிப்பர்டு வேறொரு முறையால் தாமிரத்தின் ஃபெர்மிப் பரப்பைக் கணித்தார். இரண்டாண்டுக்குள் ஷோன்பெர்க்கின் அலைவு அளவீடுகள் அதனை உறுதிசெய்தன. நம் வீட்டுச் செம்புக் குடத்தின் எலக்ட்ரான் கரை எத்தகையது தெரியுமா? பெரிய உருண்டை ஒன்று. அதிலிருந்து எட்டுத் திசைகளில் எட்டுக் குறுங்கழுத்துகள். எழுபதுகளுக்குள் ஏறத்தாழ எல்லா எளிய உலோகங்களின் கரையும் வரையப்பட்டுவிட்டது. இத்துறையில் இனிச் செய்ய ஏதுமில்லை என்று கருதியோரும் இருந்தனர்.

அவ்வெண்ணத்தை 1986 குலைத்தது. சூரிச்சு நகரில் பெட்நார்சு, முல்லர் என்னும் இருவர், இலாந்தனம், பேரியம், தாமிரம், ஆக்சிசன் ஆகியவை சேர்ந்த கருநிற மட்பாண்டம் போன்ற ஒரு பொருள் 30 கெல்வினுக்கும் மேல் மீக்கடத்துவதைக் கண்டனர். மட்பாண்டம் மின்சாரத்தைத் தடுக்கும் பொருள் அன்றோ? மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைப் பீங்கானை நினைத்துப் பாருங்கள். அதன் இனத்துப் பொருள் எந்த உலோகத்தையும் வென்றது! அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சூ, வூ ஆகியோரின் குழுக்கள், இட்ரியம் கலந்த தாமிர ஆக்சைடு 93 கெல்வினிலேயே மீக்கடத்தும் என்று காட்டின. காற்றிலிருந்து மலிவாகப் பெறும் திரவ நைட்ரசனின் குளிர் 77 கெல்வின். ஆகவே விலையுயர்ந்த ஹீலியம் இனித் தேவையில்லை என்று உலகம் களிகொண்டது. 1987 மார்ச்சில் நியூயார்க்கில் கூடிய இயற்பியலார், விடியும் வரை உறங்காது உரைகளைக் கேட்டனர். இழப்பற்ற மின்கம்பிகளும் மிதக்கும் இரயில்களும் பத்தாண்டில் வந்துவிடும் என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்நாளில் படித்த எங்கள் தலைமுறை அதனை அப்படியே நம்பியது. மட்பாண்டத்தைக் கம்பியாக இழுப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செய்தித்தாள் சொல்லவில்லை.

இந்தியாவும் பின்தங்கவில்லை. இலாந்தனத் தாமிர ஆக்சைடைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆர். ராவும் கங்குலியும் பல்லாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருந்தனர். 1987இன் தொடக்கத்திலேயே அவர்தம் குழுவும் 90 கெல்வின் அருகில் மீக்கடத்தலைக் கண்டது. கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையத்திலும் இவ்வாய்வு நடந்தது. கொள்கை வகுப்பதில் சென்னைக் கணித அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கோ. பாஸ்கரன் அவர்களின் பங்கு பெரிது. 1987 சனவரியில் பெங்களூரில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கில், ஆண்டர்சன் என்னும் நோபல் அறிஞர் தம் புதிய கருத்தை எடுத்துரைத்தார். அதனைக் கணக்காக வளர்த்து, அவ்வாண்டே ஆண்டர்சனோடும் இன்னொருவரோடும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டவர் பாஸ்கரன். மீக்கடத்தி இலக்கியத்தில் மிகுதியாக எடுத்தாளப்படும் கட்டுரைகளுள் அஃது ஒன்று.

அவர்கள் எதிர்கொண்ட புதிர் இது. திருவிழா நாளில் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குச் செல்லும் பேருந்தைக் கருதுங்கள். ஒவ்வோர் இருக்கையிலும் ஒருவர். ஒருவர் மடியில் ஒருவர் அமர மாட்டார். இடம் மாற எவராலும் முடியாது. சிலர் இறங்கினால்தான் உள்ளே நடமாட்டம் உண்டாகும். தூய தாமிர ஆக்சைடில் ஒவ்வொரு தாமிர அணுவிடமும் இவ்வாறு ஓர் எலக்ட்ரான். ஒன்றையொன்று வெறுத்து விலக்குவதால் எதுவும் நகர முடியாது. பொருள் மின்கடத்தாப் பொருளாகிறது. ஆக்சிசனைச் சற்று மிகுதியாகச் சேர்த்தால் சில எலக்ட்ரான்கள் நீங்கி வெற்றிடங்கள் தோன்றும். வெற்றிடங்கள் ஓரளவு பெருகினால் மீக்கடத்தல் பிறக்கும்; மிகுதியாகப் பெருகினால் அது மறைந்து சாதாரண உலோகம் ஆகிவிடும். முதலிலிருக்கும் நெரிசல் நிலைக்கும் கடைசியிலிருக்கும் உலோக நிலைக்கும் நடுவே என்ன நடக்கிறது? அங்கே எலக்ட்ரான்களுக்குக் கரைகோடு என்று ஒன்று உண்டா, இல்லையா? இதில் அறிஞர் பிளவுபட்டனர். ஒளிக்கதிரால் எலக்ட்ரானை வெளியே தள்ளி அளந்தவர்கள், 1998 வாக்கில் விந்தையான ஒன்றைக் கண்டனர். வெற்றிடம் குறைந்த பொருளில் கரைகோடு முழுமையாக இல்லை. வில் போன்ற நான்கு துண்டுகள் மட்டும் தெரிந்தன. தொடங்கிய இடத்துக்குத் திரும்பாத கரை எந்த ஏரிக்கும் இருக்க முடியுமோ?

குவாண்டம் அலைவுதான் இதற்குத் தீர்ப்புச் சொல்ல வல்லது. எலக்ட்ரான் சுற்றி மீண்டால் மட்டுமே அலைவு தோன்றும். கோடு அறுந்திருந்தால் தோன்றாது. ஆனால் சோதனைக்கு இரு தடைகள். முதலாவது, எலக்ட்ரான் ஒரு சுற்று முடிக்கும் முன் அழுக்கில் மோதிவிடக் கூடாது. அத்தகைய தூய படிகம் வேண்டும். கனடாவின் வான்கூவரில் ஒரு குழுவினர் ஏறத்தாழ இருபதாண்டு காலம் படிகம் வளர்ப்பதையே தவமாகச் செய்தனர். புகழ் பெரும்பாலும் அளந்தவர்க்குச் செல்கிறது. வளர்த்தவர் பெயரைச் சொல்வோர் குறைவு. நாற்று விடுபவர்க்கும் இதே கதிதானே! இரண்டாவது, மீக்கடத்தலையே அடக்கவல்ல காந்தப்புலம் வேண்டும். மருத்துவமனையில் உடலைப் படமெடுக்கும் காந்தப் பொறியின் புலம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா. இங்கே அதனைப்போல் நாற்பது மடங்கு தேவை. அவ்வளவு புலத்தைத் தொடர்ந்து நிறுத்தினால் கம்பிச்சுருள் உருகிச் சிதறிவிடும். ஆகவே பெரும் மின்தேக்கிகளில் சேர்த்த மின்னூட்டத்தை ஒரே வீச்சில் சுருளுக்குள் செலுத்தி, நொடியின் சிறு பகுதிக்குள் அளவெடுத்து முடிப்பர்.

2007இல் அது கைகூடிற்று. கனடாவின் ஷெர்புரூக்கைச் சேர்ந்த தாய்ஃபர் குழுவினர், வான்கூவர்ப் படிகத்தைப் பிரான்சின் தூலூசு நகரத்து ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று, 62 டெஸ்லா வரையிலான புலத்தில் அளந்தனர். மின்தடை தெளிவாக ஏறி இறங்கிற்று. கரைகோடு உண்டு! அலைவின் எண் 530 டெஸ்லா. கணக்கிட்டால், முழு வரைபடத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடே அக்கரைக்குள் அடங்கும். மறு ஆண்டு, வெற்றிடம் மிகுந்த தாலியத் தாமிர ஆக்சைடில் இன்னொரு குழு அளந்தபோது கிடைத்த எண்ணோ 18,100 டெஸ்லா. அடங்கிய பரப்பு 65 விழுக்காடு. ஒரே குடும்பத்துப் பொருள்களுள் ஒன்றில் கடல் போன்ற ஏரி, மற்றொன்றில் குளம் போன்ற சிறு பை. மேலும், அச்சிறு பை எலக்ட்ரான்களால் ஆனதுபோல் நடந்துகொண்டது. வெற்றிடங்களால் ஆனதாக இருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்திருந்தனர். பெரிய ஏரி எங்ஙனம் சிறு குளமாயிற்று? குளம் வரைபடத்தில் எவ்விடத்தில் இருக்கிறது?

இவ்வினாவோடு பிணைந்த பெயர் சுசித்ரா செபாஸ்டியன். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். அதன்பின் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் வணிக மேலாண்மை படித்தார். அத்துறையில் பணியும் செய்தார். நல்ல ஊதியம் தரும் வழியில் சென்ற ஒருவர், மீண்டும் இயற்பியலை நாடி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். பின்னர்க் கேம்பிரிட்சில், ஷோன்பெர்க் உழைத்த அதே கேவண்டிசு ஆய்வகத்தில் பேராசிரியர் ஆனார்.

இங்கே என் சொந்தச் செய்தி ஒன்றைச் சொல்லப் பொறுத்தருள்க. நான் பட்டப்படிப்புக்குச் சேர்ந்த நாளில், இயற்பியல் கேட்டு நின்ற என்னிடம், "உங்களுக்கெல்லாம் விரைவில் வேலை தரும் படிப்பே போதும், இது எதற்கு?" என்றார் அங்கிருந்த ஒருவர். அன்போடு சொன்னதாகவே அவர் நினைத்திருக்கக்கூடும். என் விண்ணப்பத்தில் அவரே வேறொரு பாடத்தை எழுதினார். நான் அதனை அடித்துவிட்டு மீண்டும் இயற்பியல் என்று எழுத மூன்று நாள் ஆயிற்று. அம்மூன்று நாள்களும் என் தந்தை எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் காத்திருந்தார். செபாஸ்டியன் அவர்கள் வசதியும் வாய்ப்பும் வேறான சூழலிலிருந்து வந்தவர். அவர் வழியை நம் வழியோடு ஒப்பிட்டுப் பேச நான் வரவில்லை. ஆயினும் ஒரு முறை எழுதிய பாடத்தை அடித்து மறுபடி எழுதலாம் என்பது இருவர் வாழ்விலும் உண்மை.

2008இல் செபாஸ்டியனும் துணைவர்களும் அமெரிக்காவின் லாஸ் அலமாசில் 85 டெஸ்லா வரை அளந்து, இட்ரியத் தாமிர ஆக்சைடின் அலைவில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் கலந்திருப்பதைக் காட்டினர். படிகத்தைக் காந்தப்புலத்தில் பல கோணங்களில் திருப்பித் திருப்பி அளப்பது அவர்கள் கையாண்ட வழி. கோணத்துக்குக் கோணம் மாறும் அலைவிலிருந்து குளத்தின் வடிவத்தையும் இடத்தையும் உய்த்துணரலாம். 2011இல் ஹாரிசன் என்பவரோடு சேர்ந்து அவர் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். பொருளினுள் எலக்ட்ரான் அடர்த்தி எங்கும் ஒரே சீராக இராமல், நெல் வயலின் பாத்திகளைப் போல் இரு திசைகளிலும் வரிவரியாக ஒழுங்குபடுமானால், அறுந்து நின்ற நான்கு வில்துண்டுகளும் இடம் பெயர்ந்து, முனையோடு முனை சேர்ந்து, சிறு சாய்சதுரமாக மூடிக்கொள்ளும். நம் பெண்கள் வாசலில் நான்கு வளைகோடுகளை இழுத்து ஒன்று சேர்க்கும் கோலத்தைப் போன்றது அவ்வடிவம். விற்கள் உட்புறம் குழிந்த பக்கங்களாகிவிடுவதால், குளமும் எலக்ட்ரானால் ஆனதாகவே தோன்றும்.

அவ்வரி ஒழுங்கு மெய்யாகவே உண்டா? அவ்வாண்டே அணுக்கருக் காந்த அளவீடுகள் அதன் அறிகுறியைக் கண்டன. 2012இல் ஊடுகதிர்ச் சோதனைகள் அதனை நேராகக் காட்டின. 2014இல் செபாஸ்டியன் குழுவினர் விரிவான கோண அளவீடுகளை வெளியிட்டு, குளம் வில்துண்டுகள் நின்ற இடத்தருகிலேயே உள்ளது என்று நிறுவினர். ஒளிக்கதிர்க்காரர்கள் கண்டதும் காந்தக்காரர்கள் கண்டதும் ஒரே பொருளின் இரு தோற்றங்கள் என்ற இணக்கம் இவ்வாறு உருவாயிற்று. இப்பணிகளைப் பாராட்டி 2022ஆம் ஆண்டுக்குரிய இயற்பியல் புத்தெல்லைப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

ஆயினும் முழு விடை கிட்டிவிட்டதாக எவரும் எண்ண வேண்டா. வலிய காந்தப்புலத்திலும் கடுங்குளிரிலும் கண்ட கரை, புலம் இல்லாதபோதும் வெம்மை மிகும்போதும் எங்கே போகிறது என்பது வழக்கில் உள்ளது. வில்துண்டுகளுக்கு நடுவே மறைந்த கரையை எது விழுங்கிற்று என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. இவை தெரியாதவரை, அறை வெப்பத்தில் மீக்கடத்தும் பொருளை அறிந்து தேட இயலாது; இருட்டில் துழாவ வேண்டியதே. 1993இல் பாதரசம் கலந்த தாமிர ஆக்சைடு 133 கெல்வின் வரை எட்டிற்று. அதன்பின் அவ்வப்போது எழும் அறிவிப்புகளை எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். 2023இல் கொரியாவில் ஒரு குழு, ஈயமும் தாமிரமும் கலந்த பொருள் அறை வெப்பத்திலேயே மீக்கடத்துகிறது என்று அறிவித்தபோது நம் இளைஞர் சிலரும் கைப்பேசியை நீட்டி என்னிடம் காட்டினர். தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அப்பொருளைச் செய்து பார்த்தனர். சில வாரங்களில் கதை முடிந்தது. அத்தில்லி ஆய்வகத்தின் முதல் இயக்குநர், மேலே சொன்ன வத்திராயிருப்புக் கிருஷ்ணனே.

கடைசியாக அம்மாணவிக்கு ஒரு செய்தி. 2015இல் செபாஸ்டியன் குழுவினர் சமாரியம் எக்சாபோரைடு என்னும் பொருளைக் காந்தப்புலத்தில் வைத்தனர். குளிர்வித்தால் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஏரியும் இல்லை, கரையும் இல்லை. அப்படிப்பட்ட பொருளின் காந்தத்தன்மை, நல்ல உலோகத்தைப் போலவே ஏறி இறங்கிற்று. அலைவு பொருளின் மேற்புறத்தில் மட்டும் எழுகிறது என்றனர் வேறு சிலர். உள்ளிருந்தே எழுகிறது என்பது இவர்கள் வாதம். ஓடாத எலக்ட்ரான் சுற்றி வருவது எங்ஙனம் என்று அவர் அடுத்த வகுப்பில் என்னைக் கேட்பார். ஒன்றுக்கு மேற்பட்ட கொள்கைகள் இப்போது போட்டியிடுகின்றன. அவற்றுள் எது சரி என்று தீர்ப்பாகவில்லை.